அறுபதுக்கு மேல்

குடியிருப்பில் எல்லோரும் அவரைக் 'கொக்கு' என்றே அழைப்பார்கள். நெடிய கால்கள், ஒட்டிய வயிறு. பகலில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவார். மாலையில் குத்துச்சண்டைக் கூடத்தில் கையுறை மாட்டுவார். அறுபது கிலோ எடைப்பிரிவில் பல ஆண்டுகளாக அவரே சாம்பியன்.

அந்தப் பட்டம் பட்டினியால் வந்தது என்பதை அவருடைய மனைவி நன்கு அறிவாள். போட்டி நெருங்கிவிட்டால் வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனைகூட எழக் கூடாது. எடை பார்க்கும் நாளன்று அறுபதைத் தாண்டாமலிருக்க ரப்பர் சட்டைக்குள் வியர்த்து, ஊறும் எச்சிலையும் துப்பித் துப்பி, உதடு வெடித்துப்போய்த் தராசில் ஏறுவார். சென்ற முறை குளியலறையில் மயங்கி விழுந்தார். அவருக்குப் பயிற்சியாளராக இருந்த அவளுடைய அண்ணன் அப்போதுதான் தலையிட்டார்.

"போதும் மாப்பிள்ளே, இனிமே மேல் பிரிவுதான். என் தங்கச்சி எலும்புக்கூட்டோட குடும்பம் நடத்தினது போதும்."

"அங்க இருக்கறவனுங்க அடி இடி மாதிரி விழுமே, மச்சான்!"

"விழட்டும். தின்னுட்டு வாங்கினா தாங்கும்."

தின்பதுதான் இயலவில்லை. முட்டை, கோழி, பால், பழம் என்று அவள் அடுக்குவாள். சுருங்கிப் பழகிய வயிற்றில் நாலு வாய்க்கு மேல் இறங்காது. கூடத்திலோ, கனத்த ஆட்கள் அவரைக் கயிற்றோடு சாய்த்து நசுக்கினார்கள். முன்பு ஆளையே சாய்த்த அவருடைய இடக்கைக் குத்தை வாங்கிக்கொண்டு ஒரு தடியன் சிரித்தான்.

"கொக்கு, கொசு கடிச்ச மாதிரி இருக்குப்பா!"

வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளுவார். பின்பு அதே எரிச்சலோடு இழுத்து வைத்து விழுங்குவார். இப்படி மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, எடையை அறுபத்தொன்றுக்கு ஏற்றினார்.

புதிய பிரிவில் நிற்க அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. பழைய பிரிவில் அவருடைய இடத்துக்குக் கூடம் வேறொருவரை அனுப்பிவிட்டது. ஆகவே, திரும்பிப் போகவும் வழியில்லை.

எடை பார்க்கும் நாள் காலையில் மனைவி தையல் ஆலைக்குப் போய்விட்டாள். அவருக்கு வயிறு கனத்தது. அந்த நாளில் வயிறு நிறைந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் வியர்த்தால் மனம் அடங்கும் என்று ரப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினார். எச்சிலைத் துப்பினார். தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. உடல் இலேசானது, வென்ற நாள்களில் எல்லாம் இப்படித்தான் இருந்தது. சீட்டியடித்துக்கொண்டே போய்த் தராசில் ஏறினார்.

"ஐம்பத்தொன்பதே கால். பத்தாதுங்க," என்றார் அலுவலர். "மூடறதுக்குள்ள இன்னும் ஒரு தடவை ஏறலாம்."

நடந்ததைக் கேட்ட மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏத்த வேண்டிய நாள்ல எறக்கிட்டு வந்து நிக்கிறீங்களே! உங்கள எதச் சொல்லித் திட்டறதுன்னே தெரியல!"

ஆலையிலிருந்து நேராக வந்த மனைவி தண்ணீரை நீட்டினாள். "மெதுவா குடிங்க, மடக்கு மடக்கா."

"மெதுவா குடிக்க நேரம் எங்க இருக்கு? ஊத்துங்க மாப்பிள்ளே!"

ஊற்றினார். பழங்களைத் திணித்தார். மறுபடியும் ஊற்றினார். தராசை நோக்கி நடக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டார். சுவரோரம் குனிந்தார், உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்தது. அவர் நிமிர்ந்தபோது அலுவலர் தராசுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

மூவரும் வெளிப்படியில் அமர்ந்தார்கள். சற்று நேரத்தில் அவருக்குப் பசித்தது. மனைவி கொண்டுவந்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோறு, முட்டை, கோழி என்று ஒன்று விடாமல் வழித்துத் தின்றார்.

"இப்ப மட்டும் எப்படிய்யா எறங்குது?" என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

அவர் ஆத்திரத்தோடு மென்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்றார்.

"நாளைக்குச் சண்டைக்கு முன்னாடி சாப்பிடறதுக்குன்னு எடுத்து வெச்சது இருக்கு."

"அதையும் குடு."