அண்ணன் சமைத்த நாற்றங்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அண்ணனிடம் நல்லது நிறையவே உண்டு. ஆனால் அவருடைய சமையலை மட்டும் நான் புகழ மாட்டேன்.

மலேசியாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி, தங்கையான என்னைப் படிக்க வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. லோரியை நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி, செடி கொடிகளை மோந்து பார்த்துப் பறித்து வருவார்.

பறித்து வருவது என்ன? பெத்தாய் கொட்டை. அதைத் தின்றவர் போய்வந்த கழிவறைக்குள் மறுநாள்கூட நுழைய முடியாது. புளிக்க வைத்த டுரியான் பழம் ஒரு ஜாடி நிறைய இருக்கும், மூடியைத் திறந்தாலே குமட்டும். பழுத்த மெங்குடு பழத்தின் வாடையோ சாட்சாத் வாந்திதான். அதையும் பிழிந்து, "குடிம்மா, ஒடம்புக்கு நல்லதுலா" என்று நீட்டுவார். பள்ளிச் சீருடையில் அந்த வாடையோடு பஸ் ஏறிய அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பக்கவாதம் வந்ததும் அவரைப் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். கஞ்சியைக்கூடப் பாதியில் ஒதுக்கினார். "ஒரு வாய் பெத்தாய் சம்பால் கிடைக்குமா?" என்று தினமும் கேட்டார். அந்த மிளகாய்த் தொக்கை மசித்துக் கொடுக்கலாம் என்று டாக்டரும் சொன்னார். "பாசார்ல இல்லண்ணே" என்றேன். சந்தையில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

விஷயம் தெரிந்து, எதிர்வீட்டு மலாய்க்கார ஆன்டி ஒருநாள் தானே சமைத்து டப்பாவில் கொடுத்தார். என் வீடு நாறக்கூடாதென்று அப்படியே குப்பையில் கொட்டினேன்.

"வாசனையா இருக்கே. யார் வீட்டுல?" என்று கட்டிலிலிருந்து அண்ணன் கேட்டார்.

"பக்கத்து வீட்லண்ணே."

அந்த வாடையை மோந்துகொண்டே அன்று கிண்ணக் கஞ்சி முழுவதையும் குடித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். பெத்தாயைவிட, என்னை நினைத்தால்தான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

துணை நின்ற டாக்டர்கள், தாதியர், அண்ணனைத் தோளில் சுமந்த லோரி நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆன்டியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தார். சமைத்துப் பழகும்போது இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இன்றைய படையலில் பெத்தாய் சம்பாலும் உண்டு. வழக்கப்படி அந்த இலையின் முன் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவளும் நான்தான். வீடு நாறும். வருகிறவர்கள் தயவுசெய்து ஜன்னலைத் திறக்க வேண்டாம்.