ஒரு மண்டலம் குதித்த அக்கா

அந்த வீடியோ கேசட்டின் முதுகில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. வைத்தது எங்கள் அம்மா. உள்ளே இருந்தது சாமி படமில்லை. பளபளக்கும் இறுக்கமான உடுப்பும் கணுக்காலில் கம்பளி உறையுமாக ஒரு வெள்ளைக்காரி, மூச்சு விடாமல் குதித்துக்கொண்டே பேசுகிற ஏரோபிக்ஸ் படம். எண்பதுகளில் பினாங்கில் யாரைப் பார்த்தாலும் இந்தப் பைத்தியம்தான். தீவை அக்கரையோடு இணைக்கும் பாலம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அக்கரையிலிருந்து எல்லாம் அவசரமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன, இதுவும் வந்து சேர்ந்தது. ஆறே வாரத்தில் புது உடம்பு என்று சொல்லித்தான் அக்காவின் ஆபீஸ் தோழி அதை நகல் எடுத்துக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "ஆறு வாரம் என்ன கணக்கு? செய்யறதை ஒரு மண்டலமா செஞ்சிரு" என்றார். நாற்பத்தெட்டு நாள் விரதம்போல் அதைத் தொடங்குவதென்று முடிவாகி, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பொட்டும் வைத்தாகிவிட்டது.

அக்கா பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். அவள் குரலுக்காகவே சில கப்பல்காரர்கள் தேவையில்லாமல் போன் செய்வார்களாம். ஆள் கொஞ்சம் பெரிய ஆள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எஸ்பிளனேட் கடற்கரையில் வடையும் வெள்ளரிக்காயும் போட்டுக் குழம்பு ஊற்றிய பசெம்பூர் ஒரு தட்டு வாங்கினால் குழம்பை வழித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியாது. குறை வெளியிலிருந்துதான் வந்தது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரியைத் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். "பொண்ணு கொஞ்சம் கனமா இருக்குலா" என்று தரகர் வந்து சொன்ன அன்றிலிருந்து அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதாக சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். இதுவும் கைநழுவினால் இவளுக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா தன் மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அக்காவும் அதை நம்பத் தொடங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், பலகைத் தளம். கீழே பிரம்பு நாற்காலி பின்னி விற்கும் ஒரு சீன அங்கிள் இருந்தார். முதல் நாள் அக்கா குளித்துவிட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அப்பாவின் பழைய கால்சட்டையோடு டீவி முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஓர் இடத்தில் உட்கார முடியாத பிறவி. ஆட்டம் ஆரம்பித்ததும் அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் பேச ஆரம்பித்தது. அங்கிள் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தளத்தை இடித்தார். "ரூமா நாக் ஜாத்தோ கா?" வீடு விழப்போகிறதா என்று மலாயில் கேட்கிறார். இல்லை என்பதற்கு, "தடாக் அங்கிள், எக்சர்சைஸ்!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்விட்டார். அந்த மண்டலம் முடியும்வரை மாலை ஆறு மணிக்கு அப்பாவை வீட்டில் பார்த்தவர் கிடையாது.

வெள்ளைக்காரி ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏதோ பேசுவாள். "பேச்சு நமக்கு எதுக்கு, ஓட்டு" என்பார் அம்மா. நான் பட்டனை அழுத்தி ஓட்டிவிடுவேன். பல மாதம் கழித்து ஒருநாள் சும்மா போட்டுக் கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள், நடுவில் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றுதான் அவ்வளவு நேரமும் அவள் சொல்லியிருக்கிறாள். தெரிந்திருந்தாலும் அம்மா கேட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். விரதத்தில் ஒருநாள் விட்டால் பலன் போய்விடும். காய்ச்சல் அடித்தாலும் குதிக்க வேண்டும், கால் வீங்கினாலும் குதிக்க வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும் விலக்கு. அந்த நாட்களை அக்கா காத்திருந்து வரவேற்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ராத்திரி சோறு கிடையாது, பப்பாளிதான். அக்கா பப்பாளியை முறைத்துப் பார்த்துக்கொண்டே தின்பாள்.

இப்போது என் மகள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். வேலை முடிந்ததும் பழைய கிடங்கு ஒன்றில் நடக்கும் பயிற்சிக்குப் போகிறாள். லாரி டயரைப் புரட்டுகிறார்கள், கயிற்றைப் போட்டு அடிக்கிறார்கள், கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்துச் செய்துவிட்டுத் தரையில் விழுந்து கிடக்கிறார்கள். குறைந்த நேரத்தில் நிறைய பலன், நீங்களும் வாங்கம்மா என்கிறாள். போகலாமா வேண்டாமா என்று நானும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே யோசிக்கிறேன். தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவில் விடியற்காலையில் கையை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குகிற சீனக் கிழவர்களைப் பார்த்தால், இதல்லவா உடற்பயிற்சி என்று தோன்றும். இரண்டு நாள் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். என்னைப் போன்ற பரபரப்புக்காரிகளுக்கு வேகம்தான் ருசி. அதனால் அந்தக் குதியாட்டத்தைப் பொத்தாம் பொதுவாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதில் நல்லது என்ன இருந்தது என்பதையும் நான்தானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் வாரம் அக்காவுக்கு நாக்கு தள்ளியது. இரண்டாம் வாரம் அழுதாள். அப்புறம் ஏதோ ஒன்று மாறியது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படியேறும்போது நாலைந்து இடத்தில் நின்று, புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டு, நீங்க போங்க நான் வர்றேன் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் சொல்லவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நானும் அம்மாவும் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், நிக்காமலே வந்துட்டேன்டி" என்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஏறுனது சரி. இடுப்பு ஒண்ணும் இறங்கலையே" என்றார். அவ்வளவுதான், அக்கா முகம் பழையபடி ஆகிவிட்டது.

உண்மைதான், உடம்பு பெரிதாக இறங்கவில்லை. ரவிக்கையைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாள் நெருங்க நெருங்க வீடே ஒருவித வேகத்தில் இருந்தது. அம்மா தூங்காமல் உலாத்தினார். அக்கா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று குதிக்க ஆரம்பித்தாள். இடையில் வீடியோ கெட்டுப்போய் ஒருநாள் விட்டுப்போனது. அது அம்மா மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளும் மண்டலத்தின் கடைசி நாளும் ஒன்றாக அமைந்ததை அம்மா தெய்வச் செயல் என்றார். அன்று காலை, விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு தடவை செய்ய வைத்தார். தொடையை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிற பகுதி வந்தபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கால் நடுங்குது லா" என்றாள். "இன்னைக்கு ஒருநாள் தானேம்மா" என்றார் அம்மா. அம்மாவும் பாவம்தான். அந்தக் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

நாலு மணிக்கு அவர்கள் ஒரு கெரேத்தாவில், அதாவது காரில், வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, ஒரு பெரியப்பா. அக்கா மயில் கழுத்து நிறப் புடவையில் தேநீர்த் தட்டோடு வந்தாள். நடையில் ஒரு குறையும் இல்லை. தட்டை வைத்தாள், பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவைச் சேர்த்து ஒரு தடவை விழுந்தாள். எழும்போது அவள் உதட்டைக் கடித்ததை நான் மட்டும் பார்த்தேன். அடுத்து பெரியப்பா. விழுந்தாள். எழவில்லை. கையை ஊன்றினாள், முட்டி கொஞ்சம் தூக்கியது, தொடை கிடுகிடுவென்று நடுங்கியது, மறுபடி பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கும்பிடுகிறவளை ஆசீர்வதிக்கத் தூக்கிய கையோடு பெரியப்பா அப்படியே இருந்தார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து ஓர் அடி வைத்தார். அவருடைய அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பொண்ணுக்குக் காலு ஏதும் முடியலையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நேத்துக் கோயில்ல வழுக்கி விழுந்துட்டாக்கா" என்று அம்மா அவசரமாக ஒரு பொய் சொன்னார்.

அக்கா தரையிலிருந்தபடியே நிமிர்ந்தாள். டெலிபோனில் கேட்கிற அதே தெளிவான குரலில் சொன்னாள்: "விழலைங்க ஆண்ட்டி. நீங்க வர்றீங்கன்னு எக்சர்சைஸ் செஞ்சேன். கூடிப்போச்சு."

நானும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். உள்ளே போகும்வரை அவள் என் தோளை அழுத்திய அழுத்து இன்னும் நினைவிருக்கிறது. மறுவாரம் தரகர் வந்து பதில் சொன்னார். கனம் ஒரு பெரிய விஷயமில்லையாம். பெண்ணுக்குக் கால் பலவீனமாக இருக்கிறதாம், பின்னால் பிள்ளை குட்டி என்று ஆனால் சிரமமாம். எங்கள் வீட்டிலேயே உறுதியான கால் அப்போது அக்காவுடையதுதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது! ஆத்திரத்தில் நான் தரகருக்கு வைத்த கோப்பியில் சீனி போடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு அக்கா கல்யாணம் செய்துகொண்டாள், முப்பது தாண்டி, தானே பார்த்த ஒருவரை. இன்றும் பெரிய ஆள்தான், பசெம்பூர் குழம்பை வழித்துத்தான் சாப்பிடுகிறாள், பாலிக் புலாவ் மேட்டில் என்னை முந்திக்கொண்டு நடக்கிறாள். ஆகவே வேகமான பயிற்சி நல்லதா கெட்டதா என்று மகள் கேட்டால் எனக்கு ஒரே பதில் வரமாட்டேன் என்கிறது. மூச்சையும் காலையும் அது கொடுக்கும், சீக்கிரமே கொடுக்கும், நான் சாட்சி. ஆனால் யாரோ நாலு மணிக்கு வரப்போகிறார்கள் என்று செய்தால், கொடுத்ததை அன்றைக்கே தரையில் உட்கார வைத்து வாங்கிக்கொள்ளும். இதை மகளிடம் சொன்னேன். "உங்களுக்கு எதைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தரகர் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுப் போன அன்று மாலை வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா வேலையிலிருந்து வந்தாள், விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள், உள்ளே போனாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலிகளை ஓரமாக இழுத்துத் தள்ளினாள்.

"மண்டலந்தான் முடிஞ்சு போச்சே" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "இனிமே எதுக்குடி? யாரு வர்றா?"

அக்கா கேசட்டை உள்ளே தள்ளினாள்.

"யாரும் வரலம்மா" என்றாள். "அதனாலதான்."