அட்டவணையின் கடைசி எண்

குரோனிங்கனுக்கு வெளியே, சர்க்கரைக்கிழங்கு வயல்களை ஒட்டி ஒரு சின்ன மூலக்கூறு ஆய்வுக்கூடம். ரென்ஸ்கே அங்கே பத்தொன்பது வருடமாக நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகள் அவசரத்தில் கொட்டிவிட்டுப் போனதைக் கழுவித் துடைத்து அடுக்கி வைப்பவள். அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் வந்த வேலை சாதாரணமானதுதான். அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட்டால் கணினி திணறிப்போகும். அதனால் ஓர் எல்லைக்குட்பட்ட தூரங்களுக்கெல்லாம் முன்கூட்டியே போட்டு ஓர் அட்டவணையில் வைத்திருப்பார்கள். தூரத்தைச் சொன்னால் விடையை எடுத்துத் தரும் நிரல்கள் பழைய சி மொழியில் இருந்தன. இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் பைத்தான் மட்டும்தான் தெரியும். பழையதைத் தொடாமல், அதன் மேல் ராப்பர் என்கிற உறை நிரல் ஒன்றைப் போர்த்தி, பைத்தானிலிருந்து கூப்பிட வழி செய்யவேண்டும். இரண்டு வார வேலை.

உள்ளே நுழைந்ததுமே அவளுக்குக் குமட்டியது. மாறிகளுக்குப் பெயர் அ, அஅ, அஅஅ. எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அலமாரியில் ஒளித்து வைத்த மாதிரி இருந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ராப்பரைப் போட்டு முடித்து, சோதித்துப் பார்த்தாள். அட்டவணை ஒன்று புள்ளி இரண்டு நானோமீட்டரோடு முடிந்துவிடும்; அதற்கு மேல் இழுப்பே இல்லை என்றுதான் கணக்கு. ஐந்து என்று கேட்டாள். பிழை என்று கத்தியிருக்கவேண்டும், இல்லை பூஜ்யமாவது வந்திருக்கவேண்டும். அட்டவணையின் கடைசி எண் வந்தது. ஐம்பது என்று கேட்டாள். அதே எண். ஐந்நூறு. அதே எண்.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: "தொடாதே. தொட்டால் ஜோடி பிரிந்துவிடும். ஒ." தேதி, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது.

ஒ. என்றால் ஒன்னோ, ஆய்வுக்கூடத்தின் தலைவன். ஜோடி என்றால் செல்லின் சவ்வில் ஒட்டியிருக்கும் இரண்டு புரதங்கள். அவை ஒன்றையொன்று விடவே விடாது என்று எழுதிய கட்டுரையில்தான் ஒன்னோ பெரிய மனிதன் ஆனான். விடாததற்குக் காரணம் புரதம் இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் அந்தக் கடைசி எண் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

ரென்ஸ்கேவுக்கு உடனே லீஸ்பெட்டின் முகம் நினைவுக்கு வந்தது. ஏழு வருடத்துக்கு முன் முனைவர் பட்டத்துக்கு வந்த பெண். அட்டவணையே இல்லாமல் சொந்தமாக நிரல் எழுதினாள். அவள் கணக்கில் ஜோடி ஒவ்வொரு தடவையும் பிரிந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒன்னோ அவளை எழுப்பி நிறுத்தி, "உனக்குக் கூட்டல் கழித்தல் வருமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரென்ஸ்கேவும்தான். ஆறு மாதத்தில் அந்தப் பெண் போய்விட்டாள்.

மதியம் உணவறையில் ஒன்னோ கடுகு சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தொடாதேன்னு எழுதினது நீதானே?"

"எது? ஓ, அதுவா! அப்பல்லாம் அப்படித்தான். நீ ராப்பர்ல பிழை கிழைன்னு எதுவும் கத்த விடாதே. பழைய விடையோட ஒத்துப்போனாப் போதும்."

"அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே."

"ரென்ஸ்கே, உன் வேலை குழாயை இணைக்கிறது. தண்ணி எங்கே போகுதுன்னு உனக்கெதுக்கு?"

"தண்ணி இல்ல ஒன்னோ. சாக்கடை."

அவன் சிரித்தான். உதட்டோரம் கடுகு மஞ்சளாக ஒட்டியிருந்தது. அவளால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

அன்று மாலைக்குள், எல்லை தாண்டினால் பிழை சொல்லி நிற்கும்படி ராப்பரை எழுதி, பயன்படுத்துகிற எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். கட்டுரை வந்த ஆய்விதழுக்கும் தன் பெயரிலேயே கடிதம் போட்டாள். சனிக்கிழமை ரயிலேறி அஸன் ஊருக்குப் போனாள். லீஸ்பெட் அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.

"லீஸ்பெட், உன் கணக்குதான் சரி. அட்டவணைதான் தப்பு."

லீஸ்பெட் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"நாலு மாசம் உக்காந்து கண்டுபிடிச்சேன். அவர்கிட்ட காமிச்சேன். உங்களுக்கும் மெயில் போட்டேன். நீங்க பதிலே போடல."

ரென்ஸ்கே அவள் கையைத் தொடப் போனாள். லீஸ்பெட் விலகிக்கொண்டாள்.

"இப்போ நான் என்ன பண்ணணும்? கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லணுமா? கடையில ஆள் நிக்குது, வழி விடுங்க."

திரும்புகிற ரயிலில் கைப்பேசியில் தேடினாள். மெயில் இருந்தது. திறந்து, இரண்டு வரி மட்டும் படித்து, 'பிறகு' என்ற பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். அதுவரை ஒன்னோ மேல் வந்த அருவருப்பு அப்படியே அவள் பக்கம் திரும்பியது. ரயில் கழிப்பறையில் போய் முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆய்விதழ் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு நான்கு வரித் திருத்தம் வெளியிட்டது. 'புதிய ராப்பர் சேர்க்கப்பட்டபோது நேர்ந்த பிழை' என்று ஒன்னோ எழுதிக் கொடுத்திருந்தான். கட்டுரை வந்து பல வருடம் கழித்து அவள் போட்ட ராப்பர்! படித்துவிட்டு லீஸ்பெட்டுக்குப் போன் செய்தாள்.

"உன் பழைய மெயிலை அவங்களுக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. ஆனா அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

மெயிலும், ராப்பருக்கு ஏழு வருடம் முந்தைய அதன் தேதியும் போய்ச் சேர்ந்தபின் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் கண்டுபிடித்தவர் என்று லீஸ்பெட்டின் பெயர் அச்சில் வந்தது. ஒன்னோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஊர் ஊராகப் போய், 'நேர்மையான அறிவியல்' பற்றிப் பேசுகிறான். ஆய்வுக்கூடத்திலும் பேசினான். "நாங்க ஒரு தப்பைக் கண்டுபிடிச்சோம்" என்று தொடங்கியபோது ரென்ஸ்கே இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்தாள்.

"நாங்க இல்ல. லீஸ்பெட்."

"ஆமாமா, லீஸ்பெட்டும்தான்" என்றான் அவன், புன்னகை மாறாமல்.

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: குமட்டல். அலுவலகத்துப் பெண் அதை உடல்நலக் குறைவு என்று பதிவு செய்துகொண்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தி அனுப்பினாள்.