வயிற்று வலி என்று எழுதிய ஏட்டு

அந்தப் போலீஸ் ஏட்டை நான் இரண்டு நாள்தான் பார்த்தேன். அந்த ஆள் மேல் உள்ள வெறுப்பு பத்து வருஷமாகியும் போகவில்லை.

சாகத் துணிந்து பிழைத்த என் தங்கை அப்போது திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போலீஸ் கேஸ் என்பதால் ஏட்டு வாக்குமூலம் எழுத வந்தார். பெரிய தொந்தி, வெற்றிலைக் கறை ஏறிய பல். பேனா முள்ளை அடிக்கடி தலைமுடியில் துடைத்துக்கொள்வார்.

"ஏத்தா, எதுக்கு இப்படிப் பண்ணுன?"

அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அந்த வீட்ல என்னைய மனுசியாவே நெனைக்கலய்யா. அவரு தெனமும்..."

"போதும். வயித்து வலி தாங்கலேன்னு எழுதிக்கிறேன்."

"எனக்கு வயித்து வலியே இல்லய்யா."

"எல்லாருக்கும் அதத்தான் எழுதுறது. உன் கதைய எழுதுனா கோர்ட்டுக்கு உன் அண்ணனும் நடக்கணும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அப்பு, நடக்கிறியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவளைக் கூட்டிப்போக ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவள் புருஷன் வந்தான். ஏட்டு வாசலிலேயே மறித்தார். "வயித்து வலிக்காரிய எங்கடா கூட்டிட்டுப் போற? அண்ணன் வீட்ல ஒரு வருசம் பத்தியம் இருக்கட்டும். முரண்டு பண்ணுனா வேற மாதிரி எழுதிருவேன்." அவன் திரும்பிப் போனான்.

அவள் இன்றும் எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறாள். அந்த ஏட்டைக் கும்பிட வேண்டும் என்கிறாள் என் மனைவி. என்னால் முடியவில்லை. அன்று சொல்ல வந்ததை என் தங்கை அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.