பிரேசர் டவுன் பர்கரும் உப்பு பார்க்க ஆளில்லாத சமையலறையும்

வைட்ஃபீல்டில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சேகர், சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு ஒன்றரை மணி நேரம் வண்டி பிடித்து பிரேசர் டவுனுக்கு மட்டன் பர்கர் சாப்பிடப் போகிறான். பெங்களூர் போனால் எங்கே சாப்பிடலாம் என்று இந்த வலைப்பதிவுக்கு எழுதிக் கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கடையைத்தான் விசாரிக்கிறார்கள். போய்ப் பார்க்காமல் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. 2006 மார்ச் 15, புதன்கிழமை, சென்னையிலிருந்து காலை ரயிலில் கிளம்பினேன்.

கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கியபோது மணி பதினொன்றே கால். அங்கிருந்து கடை மூன்று கிலோமீட்டர். மீட்டரில் பதினெட்டு ரூபாய் ஆனது. ஆட்டோ ஓட்டிய முனுசாமி அந்தக் கடைக்கு எதிரில் உள்ள ஸ்டாண்டைச் சேர்ந்தவர். பர்கர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"எட்டு வருஷமா எதிர்லதான் நிக்கறேன் சார். வாசன ஃப்ரீ. உள்ள போனதில்ல."

பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தபோது வரிசையில் எனக்கு முன்னால் இருபத்தியிரண்டு பேர். நாற்பது நிமிடம் நின்றேன். பர்கர் எழுபது ரூபாய், வறுத்த உருளைக்கிழங்கும் சேர்த்து. பன் புதிதாக இருந்தது, ஆனால் சற்று இனிப்பு. உள்ளே இருந்த கறி வட்டு கையால் தட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. நன்றாக வெந்திருந்தது. ஆனால் அதில் உப்பு குறைவு, மிளகும் குறைவு. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் தக்காளி சாஸை ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டு ஒன்று உண்டு, வாடிக்கையாளர் கருத்துக்காக. தேதி, நேரம் போட்டு, "கறியில் உப்பு போதவில்லை, மிளகும்" என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

சந்துப் பக்கக் கதவில் ஒருவர் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் ஆரோக்கியம், வீடு ரிச்சர்ட்ஸ் டவுன், பதினொரு வருடமாக இங்கே சமையல். நோட்டில் எழுதியது நீங்கள்தானே என்று கேட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"உப்பு கம்மியா சார், இல்ல சுத்தமா இல்லையா?"

கம்மி என்றேன். நீங்கள் ருசி பார்ப்பதில்லையா என்று திருப்பிக் கேட்டேன்.

"தவக்காலம் சார். சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் கறி தொடமாட்டேன். வாயில வெச்சுத் துப்பினாலும் தொட்டதுதானே?"

மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குக் கறி பிசைந்ததும் எலுமிச்சை அளவு எடுத்துப் பொரித்துச் சாப்பிட்டுப் பார்ப்பாராம். அளவெல்லாம் கைதான், திருத்துவது நாக்கு. தவக்காலத்தில் அந்த வேலையைச் செய்துவந்த உதவியாளர் ஜாஃபர் ஜனவரியில் துபாய் போய்விட்டார். பரிமாறுகிறவர்கள் பதினொன்றரைக்குத்தான் வருவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் தட்டி ஃப்ரிட்ஜில் அடுக்கியாக வேண்டும். முதலாளியைக் கேட்கலாமே என்றேன்.

"அவரு சுத்த சைவம் சார். இந்த பர்கர வித்து வீடே கட்டிட்டாரு, ஒரு வாய் தின்னதில்ல. அவருக்கு ருசின்னா அந்த நோட்டுதான்."

அந்த நோட்டில்தான் சிக்கல். இரண்டு வாரமாகப் புகாராக வருகிறது. ஏதோ ஒரு தொழிற்சாலையின் உறைய வைத்த கறி வட்டுகள் மாதிரிக்காக ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. மாதக் கடைசி வரை பார்ப்பேன், சரியாகாவிட்டால் ஏப்ரலிலிருந்து அதுதான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஐஸ் கட்டியைச் சூடு பண்ண நான் எதற்கு என்றார் ஆரோக்கியம். பிறகு, நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் வர முடியுமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஒன்பதுக்கு முனுசாமியின் ஆட்டோவிலேயே போனேன். இரவு தங்கியது நானூறு ரூபாய் விடுதியில், கடையிலிருந்து ஒரு கிலோமீட்டர். ஆரோக்கியம் பொரித்துக் கொடுத்த துண்டைத் தின்று, உப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. கதவருகே நின்ற முனுசாமிக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவர் அவசரப்படாமல் மென்றார்.

"உப்பு ரெண்டு சிட்டிகை. மொளகு ஒரு ஸ்பூன். வெங்காயம் தண்ணி விட்டிருக்கு, புழிஞ்சு போடுப்பா."

ஆரோக்கியம் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மதியம் மறுபடி வரிசையில் நின்று சாப்பிட்டேன். இன்று கறி உண்மையிலேயே நன்றாக இருந்தது. பன்னின் இனிப்பு மாறவில்லை, உருளைக்கிழங்கு நேற்றைப் போலவே தொளதொளவென்று இருந்தது. பிரேசர் டவுனில் இருப்பவர் நடந்து வந்து சாப்பிடலாம். வைட்ஃபீல்டிலிருந்து வரும் அளவுக்கு இல்லை. நோட்டில் நேற்றைய வரிக்குக் கீழே, "இன்று உப்பு, மிளகு சரி" என்று எழுதினேன். கல்லாவில் இருந்த முதலாளி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிகளையும் படித்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"நேத்து ஒன்னு, இவத்து ஒன்னு. எத நம்பறது சார்?"

"ரெண்டையும்."

அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

இரண்டரை மணி ரயிலுக்கு முனுசாமிதான் கொண்டுவந்து விட்டார். ஈஸ்டர் வரை தினமும் காலையில் ருசி பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாராம்.

"செவ்வா, வெள்ளி நான் கவுச்சி தொடமாட்டேன் சார். மொதல்லயே சொல்லிட்டேன்."

போக நினைப்பவர்களுக்கு: கடையின் பெயரை எழுதவில்லை, பிரேசர் டவுனில் பர்கர் என்றால் ஆட்டோக்காரர்கள் அங்கேதான் இறக்குவார்கள். பதினொன்றே முக்காலுக்கே போய் நில்லுங்கள். உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொன்னால் பத்து ரூபாய் குறையும். நான் திரும்பிய மறுநாளிலிருந்து மாதம் முடியப் பதினைந்து நாட்கள். அதில் செவ்வாயும் வெள்ளியும் சேர்த்து ஐந்து. அந்த நாட்களில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: உப்புக் குடுவை மேஜையிலேயே இருக்கிறது, நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம்.