பாபு அண்ணன் திருப்பிப் போட்ட கேசட்

வீடியோ பாபு அண்ணன் போய்விட்டார். காலையிலேயே அவர் மகன் கிரி மெசேஜ் அனுப்பியிருக்கிறான்... நான் பார்த்தது பதினொரு மணிக்கு.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். இப்போது மூன்று பத்து. ரயில் அரக்கோணத்துக்கு வெளியே சிக்னலில் நின்று இருபது நிமிஷம் ஆகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

திருத்தணிக்காரர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் முகூர்த்தம் என்றால் கேமராவோடு பின்பக்கமாகவே படி ஏறுவாரே, அவர்தான். எனக்கு அவர் எம்.எஸ்ஸி ப்ராஜெக்டுக்குக் கேமரா கொடுத்தவர்.

கோரியாலிஸ் விசை என்பது தலைப்பு. சுற்றுகிற பலகையில் ஒரு இரும்புக் குண்டை நேராக உருட்டிவிட்டால், பலகையோடு சேர்ந்து சுற்றுகிறவர் கண்ணுக்கு அது வளைந்து போகும். அந்த வளைவை வீடியோ எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி அளக்க வேண்டும்.

அதற்குக் கேமராவும் பலகையோடு சேர்ந்து சுற்ற வேண்டும். கல்யாண வீடியோவெல்லாம் கேசட்டில் இருந்த காலம்... யார் தருவார்கள்? இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அப்பா வேறு. "இந்த வருசம் முடிக்கலன்னா படிப்பு போதும். பாவா வூட்ல பொண்ணு கேட்டுகினே கீறாங்க."

பாபு அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தினி நிமிசம்மா சுத்தணும்?"

சைக்கிள் ஹப் மேல் ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தில் கீழே பார்த்தபடி கேமரா. போல்ட் போட்டும் மனசு கேட்காமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினார். "இது வுயுந்துச்சுன்னா என் சீசனே பூடும்மா" என்று சொல்லிவிட்டு, அவரே பலகையைச் சுற்றியும் விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சுற்றுவதற்கு முன்னால், "இடமாவா சுத்தணும்?" என்று கேட்டார்.

"ஆங்ண்ணா, கடியார முள்ளுக்கு எதிரா. வடக்கேர்ந்து பாத்தா பூமி அப்டித்தான் சுத்துது."

"ம்..." என்றார். அந்த 'ம்'மை நான் கவனித்திருக்க வேண்டும்.

கேசட்டோடு, அதை ஓட்டத் தன் பழைய டெக்கையும் கொடுத்து அனுப்பினார். டிவி மேல் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, படத்தை நிறுத்தி நிறுத்தி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். அம்மாவுக்கு சீரியல் போச்சே என்று கோபம்.

இடமாகச் சுற்றினால் குண்டு வலப்பக்கம் வளைய வேண்டும். என் குண்டு பன்னிரண்டு தடவையும் இடப்பக்கம் வளைந்தது.

வைவாவுக்கு இரண்டே நாள். நோட்டில் 'இடச்சுற்று' என்று நான் எழுதி, கைடு கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மாற்றினால் ஃபோர்ஜரி... மாற்றாவிட்டால் டேட்டாவே பொய் என்பார்கள். ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "நான்தாம்மா திருப்பிப் போட்டேன்!"

பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே பார்க்க வைக்க, கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தை இடம்வலமாக மாற்றும் எஃபெக்ட் ஒன்று வைத்திருந்தார். என் கேசட் முழுக்க அதைப் போட்டிருக்கிறார்.

"சாவு வூட்லதாம்மா இடமா சுத்துவாங்க. நீ பரிச்சைக்குப் போற பொண்ணு. அதான் மிக்ஸிங்ல வலமா மாத்திட்டேன்."

கேமராவில் இருந்த ஒரிஜினல் டேப்? அதன் மேல் கனகம்மாசத்திரத்துக் கல்யாணம் ஒன்று ஏறிவிட்டது.

"உங்கள யாரு கேட்டது? என் வாழ்க்கையே போச்சு!" என்று கத்தினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது.

பிறகு மெதுவாக என் கையிலிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்தார். "இப்டி வெச்சா?"

குண்டு வலப்பக்கம் வளைந்தது.

"மொத ஷாட்ல உன் பின்னால காலண்டர் கீது பாரு. எழுத்தெல்லாம் திரும்பிகினு இருக்கும். அத்த காட்டு, நம்புவாங்க." செட்டப் முழுவதையும் தோளில் கேமராவோடு அவர் எடுத்த ஷாட் அது. நான் ஒரு தடவைகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

வைவா அன்று ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, டெக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். தேர்வாளர் காலண்டரைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், வராண்டாவில் நின்றிருந்த அண்ணனை உள்ளே கூப்பிட்டார். "ஏங்க மாத்தினீங்க?" அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னார்... சாவு வீட்டையும் சேர்த்து.

பாஸ் ஆனேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை ஊருக்குப் போய் அவர் கடையில் டீ குடித்திருக்கிறேன். அன்றைக்குக் கத்தினதற்கு மட்டும் ஒரு மன்னிப்பு கேட்டதில்லை. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று... இன்றைக்கு முகத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

மூன்று நாற்பத்தைந்து. ரயில் நகர்கிறது. முருகா, சீக்கிரம்.

நாலு ஐந்து. அரக்கோணம்தான் வந்திருக்கிறது. திருத்தணிக்கு இன்னும் கால் மணி நேரமாவது ஆகும்.

கிரியிடமிருந்து மெசேஜ். "எடுத்துட்டோம்க்கா." கூடவே சின்ன வீடியோ.

வாசலில் அண்ணன் படுத்திருக்கிறார். தோளில் அதே மாதிரி ஒரு துண்டு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருகிறார்கள்.

இடமாக.

மூன்று தடவை பார்த்துவிட்டேன். இடமாகத்தான் சுற்றுகிறார்கள் அண்ணா...

அன்று கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க. போய் வாங்க.