ஈரத்தில் இறங்க மறுத்த ஜீப்

என் அண்ணன் ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய்ச் சேற்றில் பத்து வருஷம் நெல் லாரி ஓட்டியவன். ஈரத்தைக் கண்டால் வண்டியை ஒதுக்கி ஓட்டுவது அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. அதுதான் தனுஷ்கோடி போகிற வழியில் எங்கள் மூன்று பேரையும் வெயிலில் வறுத்தெடுத்தது.

புயல் ஊரை அழித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. ராமேஸ்வரம் தாண்டினால் மணல்தான். ஆனால் தன் சாம்பலை இரண்டு கடலும் சேருகிற முனையில்தான் கரைக்க வேண்டும் என்று அய்யா சாகும்போது ஆத்தாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பெண்கள் அங்கெல்லாம் போவதில்லை என்று பங்காளிகள் சொன்னதை ஆத்தா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ராமேஸ்வரத்தில் தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் ஜீப்பை இரவல் கொடுத்தார். டிரைவரையும் அனுப்புகிறேன் என்றார். நான் ஓட்டாத வண்டியா என்று அண்ணன் வீறாப்பாக மறுத்துவிட்டான்.

காய்ந்த மணலாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். நான்கு தடவை புதைந்தது. நான்கு தடவையும் தள்ளியவன் நான். வேட்டி, வாய், காது எல்லாம் மணல். எதிரே நடந்து வந்த மீன்காரர் ஒருவர், அலை நனைத்த ஓரம்தான் கெட்டி, அதில் ஓட்டுங்கள், உச்சி சாய்ந்தால் தண்ணீர் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மைக் கடலில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிறான் என்றான் அண்ணன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே புதைத்திருப்பேன், மணலுக்கா பஞ்சம்?

ஐந்தாவது தடவை புதைந்ததும் ஆத்தா சாம்பல் கலயத்தோடு கீழே இறங்கினாள்.

"ஏலே, உங்கய்யா உசுரோட இருந்தப்பவும் ஒரு எடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்ல. நீங்க இங்கனயே தோண்டிக்கிட்டுக் கெடங்க. நான் அவுகளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அலையோரமாக விறுவிறுவென்று நடந்தாள். அவள் கால் புதையவே இல்லை. அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைத் தள்ளச் சொல்லி, ஜீப்பை ஈரத்தில் இறக்கினான். தார் ரோட்டில் போவதுபோல் ஓடியது. வழியில் ஆத்தாவை ஏற்றிக்கொண்டோம். அவள் எங்கள் முகத்தையே பார்க்கவில்லை.

கூரை போன மாதா கோயிலையும் ஆளில்லாத ரயில் ஸ்டேஷனையும் தாண்டி முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றான் அண்ணன். காலையிலிருந்து எங்களை விரட்டிக்கொண்டு வந்த ஆத்தா, முழங்கால் தண்ணீரில் நின்று கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்தாள். உள்ளே பார்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

"அவசரப்படுத்தாதலே," என்றாள். "இன்னுங் கொஞ்ச நேரம் எங்கூட இருந்துட்டுப் போகட்டும்."